எறிகத்தி முனை ஒடிஞ்சுக்கிட்டே இருக்கு

ரெண்டு மாசத்தில் நாலு எறிகத்தி செஞ்சேன். நாலும் பலகையில் பட்டதும் முனை ஒடிஞ்சிருச்சு. ஊர் பொள்ளாச்சி. இரும்பு பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. நீளம் 25 செ.மீ., கனம் 5 மி.மீ.

கரி உலை, ஊதுறதுக்கு ஹேர் டிரையர். காந்தம் ஒட்டாத சூட்டுக்கு மேல் கொஞ்சம் ஏத்தி, வெதுவெதுப்பான கடலெண்ணெயில் தோய்ச்சேன். (தண்ணியில் தோய்ச்ச ஒண்ணு ‘டிக்’னு அங்கேயே விரிசல் விட்டுச்சு, அது கணக்கில் இல்லை.) அரம் போட்டா வழுக்குது, அதாவது இரும்பு நல்லா கெட்டியாயிருக்கு. அப்புறம் கெட்டித்தனத்தைக் கொஞ்சம் குறைக்க ஓடிஜியில் (கேக் சுடுற கரண்ட் ஓவன்) 200 டிகிரி, ரெண்டு மணி நேரம், ரெண்டு தடவை. வெளிர் மஞ்சள் நிறம் வந்துச்சு. ஒடிஞ்ச இடம் சர்க்கரை மாதிரி பொரபொரன்னு இல்லை, சாம்பல் நிறத்தில் நைசாத்தான் இருக்கு. முனையை மழுக்கியும் பார்த்தாச்சு.

எறிகத்திக்கு வெட்டுற கூர் எதுக்கு, இரும்பு மேல நீல நிறம் வர்ற வரைக்கும் சூடாக்கி இன்னும் பதம் இறக்கணும்னு (கெட்டித்தனத்தைக் குறைக்கணும்னு) தோணுது. ஆனா ஓடிஜி 250-க்கு மேல் போகாது. கேஸ் அடுப்பை வச்சு கத்தி முழுக்க ஒரே சீரா 300 டிகிரி நீலம் கொண்டுவர்றது எப்படி?