ரீசார்ஜ் தீர்ந்த சந்தாதாரரை மறித்தும் யூடியூப் மட்டும் நிற்கவில்லை (மைக்ரோடிக் ரவுட்டர்)

கேபிள்தம்பி:
சின்ன ஐஎஸ்பி (இன்டர்நெட் கொடுக்கும் நிறுவனம்) நடத்துகிறேன், 400 பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும்) கனெக்‌ஷன். ரீசார்ஜ் தீர்ந்தால் ரேடியஸ் (சந்தாதாரர் கணக்கைச் சரிபார்க்கும் சர்வர்) அந்த ஐபியை 'எக்ஸ்பயர்ட்' அட்ரஸ் லிஸ்ட்டில் போட்டுவிடும். ஃபார்வர்ட் செயினில் (ரவுட்டரைக் கடந்து போகும் பாக்கெட்டுகளுக்கான ஃபயர்வால் ரூல்கள்) அந்த லிஸ்ட்டுக்கு டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபியாக மாற்றுவது), பணம் கட்டும் பக்கம் இரண்டுக்கும் அனுமதி, மற்றதெல்லாம் ட்ராப் (வீசிவிடும்). நேற்று ஒரு வீட்டுக்கு வசூலுக்குப் போனால் பையன் ஹாலில் ஜம்மென்று யூடியூப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் அப்பா "நெட்டே வரல, எதுக்குப் பணம்" என்கிறார். ட்ராப் ரூலில் கவுண்ட்டர் ஏறத்தான் செய்கிறது. எதை விட்டேன்?

பழையராவுட்டர்:
ட்ராப் ரூல் எங்கே இருக்கிறது, எஸ்டாப்ளிஷ்ட் அக்செப்டுக்கு (ஏற்கெனவே ஓடுவதை அனுமதிக்கும் ரூல்) கீழேயா? மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து முதலில் பொருந்தும் ரூலோடு வேலை முடிந்துவிடும், அதனால் ஏற்கெனவே ஓடும் கனெக்‌ஷன் உங்கள் ட்ராப் வரை வரவே வராது. ஃபாஸ்ட்ட்ராக் (வேகத்துக்கான குறுக்குவழி) வேறு இருந்தால் அந்தப் பாக்கெட்டுகள் ஃபயர்வாலையே தொடாமல் போகும். ட்ராப்பை மேலே ஏற்றுங்கள், லிஸ்ட்டில் சேர்க்கும்போதே அந்த ஐபியின் பழைய கனெக்‌ஷன்களை டேபிளில் அழித்துவிடுங்கள். சேஃப் மோடில் (தொடர்பு அறுந்தால் மாற்றங்கள் தானாகத் திரும்பிவிடும்) செய்யுங்கள் தம்பி, நான் ஒருமுறை ராத்திரி 11 மணிக்கு என்னையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கேபிள்தம்பி:
செய்துவிட்டேன் அண்ணே. மற்ற ஆப்கள் உடனே நின்றன. யூடியூப், கூகுள் மட்டும் அசையவில்லை.

ஆறாம்பதிப்பு:
அந்த இரண்டும்தான் என்றால் ஐபிவி6 (புதுத் தலைமுறை ஐபி முகவரி) ஆக இருக்கலாம், இரண்டும் அதிலும் ஓடும். சந்தாதாரருக்கு ப்ரிஃபிக்ஸ் (ஐபிவி6 முகவரித் தொகுதி) கொடுக்கிறீர்களா? மைக்ரோடிக்கின் ரவுட்டர்ஓஎஸ்ஸில் ஐபிவி6 ஃபயர்வால் தனி, நீங்கள் எழுதியது ஐபிவி4க்கு மட்டும். சிஸ்கோ ரவுட்டரின் ஏசிஎல் (அனுமதி ரூல் பட்டியல்) மாதிரி கடைசியில் தானாக டினை (மறுப்பு) கிடையாது, எந்த ரூலும் பொருந்தாவிட்டால் விட்டுவிடும். எக்ஸ்பயர்ட் ஆட்களுக்கு ஐபிவி6 பூல் (முகவரி எடுத்துக் கொடுக்கும் தொகுப்பு) இல்லாத தனி ப்ரொஃபைல் போட்டு, செஷனை ஒருமுறை துண்டித்தால் போதும். அப்புறம், டிஎன்எஸ் அனுமதி உங்கள் சர்வருக்கு மட்டும்தானே? 53ஆம் போர்ட்டை எல்லா இடத்துக்கும் திறந்து வைத்தால் அதிலேயே விபிஎன் ஓட்டுவார்கள்.

கேபிள்தம்பி:
அதேதான்! போன வருஷம் எங்களுக்கு நெட் கொடுக்கும் அப்ஸ்ட்ரீம்காரர் ப்ரிஃபிக்ஸ் கொடுத்தபோது பூலை மட்டும் போட்டுவிட்டு ஃபயர்வாலை மறந்திருக்கிறேன். 53 எல்லாருக்கும் திறந்துதான் கிடந்தது, அதையும் அடைத்தாயிற்று. செஷனைத் துண்டித்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை, அந்த அப்பாவே போன் பண்ணி ஜிபே நம்பர் கேட்கிறார்.