புதிதாக வாங்கிய டியூன் பக்கியில் எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: புதுச்சக்கரம்

அனைவருக்கும் வணக்கம். கடந்த மாதம், ஒருவர் சில ஆண்டுகள் ஓட்டிய டியூன் பக்கி (மணல்மேடுகளில் ஓட்டும் திறந்த வண்டி) ஒன்றை வாங்கினேன். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தைக் குறுக்கி, அதன்மேல் ஃபைபர்கிளாஸ் கூடு பொருத்தப்பட்ட வண்டி இது. 1600 சிசி ஏர்கூல்டு எஞ்சின், ஒற்றைக் கார்புரேட்டர், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். விற்றவர் பிரிக்கப்படாத ஓர் இரட்டைக் கார்புரேட்டர் செட்டையும் அட்டைப்பெட்டியோடு கொடுத்தார். அதை முதலில் மாட்டி, பின்பு அகலமான டயர், எல்இடி விளக்குப் பட்டை, புதிய இருக்கைகள் என்று போகலாம் என எண்ணியிருந்தேன்.

ஆனால் நான்கைந்து முறை மணலில் ஓட்டியதில் மூன்று குறைகள் தெரிகின்றன. அரை மணி நேரத்தில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. மணலில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தாலும் வண்டி பாதி நேரம் நேராகவே போகிறது. ஹாரன் அடித்தால் முன்விளக்கு மங்குகிறது. மணலை அடைவதற்குச் சிறிது தூரம் தார்ச்சாலையிலும் ஓட்ட வேண்டும். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், வெல்டிங் தெரியாது. எந்த வரிசையில் வேலையைத் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பெல்ட்டும்புல்லியும்

வணக்கம். கார்புரேட்டர் பெட்டியை இப்போதைக்குத் திறக்காதீர்கள். சூடாகிற எஞ்சினுக்கு அதிக வேலை கொடுத்தால் இன்னும் விரைவாகச் சூடாகும், அவ்வளவுதான்.

எஞ்சின் வெட்டவெளியில் இருப்பதால் காற்று தானாகவே குளிர்விக்கும் என்று எண்ணிச் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள தகரக் கவசங்களைக் கழற்றிவிடுகிறவர்கள் பலர். உங்களுக்கு முன் ஓட்டியவரும் அப்படிச் செய்திருக்கக்கூடும். ஃபேன் தள்ளும் காற்று சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையே அழுத்தத்தோடு புகுந்து வெளியேறினால்தான் இந்த எஞ்சின் குளிரும். கவசம் இல்லாத இடத்தில் காற்று எளிதான வழியைப் பார்த்துக்கொண்டு வெளியே போய்விடும். வண்டிக்கு அடியில் படுத்து, சிலிண்டர்களுக்குக் கீழே இருக்க வேண்டிய தகடுகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அவைதான் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.

அடுத்தது ஃபேன் பெல்ட். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஏறத்தாழ 15 மி.மீ. இறங்க வேண்டும். கூடுதலாக இறங்கினால், டைனமோ புல்லியின் இரு பாதிகளுக்கு நடுவிலுள்ள வளையத் தகடுகளில் ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் போட்டு இறுக்குங்கள். டைமிங்கையும், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தையும், விட்டுவிடக் கூடாது: எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு மேல் ஓடும்போது மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பொறி விழும் அளவு) 28 முதல் 32 டிகிரிக்குள் நிற்க வேண்டும். வால்வு இடைவெளியை எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே பார்க்க வேண்டும், அளவு 0.15 மி.மீ. எக்ஸாஸ்ட் வால்வில் அந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் வால்வு நீள்கிறது என்று பொருள். அப்படி இருந்தால் வண்டியை ஓட்டாமல் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் அந்த வால்வின் தலை உடைந்து விழுந்தால் பிஸ்டனும் சேர்ந்து போகும்.

பீட்டில்காரர்கள் கவலைப்படத் தேவையில்லாத ஒன்றைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. இந்த எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டின் புல்லிப் பக்கத்தில் ரப்பர் ஆயில் சீல் கிடையாது. புல்லியின் கழுத்திலுள்ள திருகுப்பள்ளம்தான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. சாலையில் அது போதும். மணலிலோ அதே இடைவெளி வழியாகத் தூசி உள்ளே போய்விடும். இதற்கென்றே சாண்ட் சீல் என்ற மாற்று அமைப்பு கிடைக்கிறது. இதோடு சேர்ந்த இன்னொரு குறை, தொழிற்சாலையிலிருந்து வந்த எஞ்சினில் காகித ஆயில் ஃபில்டரும் இல்லை. ஒரு கம்பி வலை மட்டுமே உண்டு, மொத்த ஆயிலும் 2.5 லிட்டர்தான். நுண்மணலை அந்த வலை தடுக்காது. ஆகவே ஆயிலை அடிக்கடி மாற்றுவதும், எண்ணெய் தடவிய நல்ல ஃபோம் ஏர் ஃபில்டர் போடுவதும் எந்தக் கார்புரேட்டரையும் விட எஞ்சினின் ஆயுளைக் கூட்டும்.

பதில் 2: நாலாம்கியர்

எஞ்சின் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் என்னைக் கேட்டால் முதல் செலவு டயருக்குத்தான். சரியான டயர் போட்ட சாதாரண எஞ்சின் ஏறும் மேட்டில், தவறான டயர் போட்ட பெரிய எஞ்சின் குழி தோண்டிக்கொண்டு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எஞ்சின் சூடாவதில்கூட டயருக்குப் பங்கு உண்டு. சக்கரம் புதைந்து சுழன்றால் எஞ்சின்தான் திணறும்.

வண்டி திரும்பாததற்குக் காரணம் எடை. எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்னால் இருப்பதால் முன்சக்கரங்கள் மணலின் மேல் வழுக்கிக்கொண்டு போகின்றன. புதிதாக வாங்குகிறவர்கள் அழகுக்காக முன்னாலும் அகல டயர் போடுகிறார்கள், அது நிலைமையை மோசமாக்கும். முன்பக்கம் குறுகலாக, சுற்றளவின் போக்கில் ஓடும் நடு வரம்பு உள்ள டயர் வேண்டும். அந்த வரம்புதான் மணலைக் கீறிப் பிடித்துத் திருப்பும். பின்னால் துடுப்பு போன்ற பட்டைகள் உள்ள பேடில் டயர் மணலுக்கு மிக ஏற்றது, ஆனால் அதைத் தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது. நீங்கள் சாலையிலும் போவதால் பேடில் வாங்கினால் இரண்டு செட் சக்கரம் தேவைப்படும். அதற்கு மனமில்லை என்றால் சாதாரண அகல டயரையே பின்னால் வைத்து, மணலில் இறங்கும்போது காற்றை 10 அல்லது 12 பிஎஸ்ஐ வரை குறைத்துப் பாருங்கள். இன்னும் குறைத்துவிட்டு வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். சாலைக்கு ஏறும் முன் மறக்காமல் காற்றை நிரப்ப வேண்டும், அதனால் வண்டியிலேயே ஒரு பம்பு இருக்கட்டும்.

இடது, வலது பின்சக்கரங்களைத் தனித்தனியாகப் பிடிக்கும் இரட்டைக் கைப்பிடி கொண்ட டர்னிங் பிரேக்கும் உண்டு. உள்பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமாக மடங்கித் திரும்பும். மணலில் இதற்கு இணையான வசதி வேறில்லை என்பேன், ஆனால் கை பழகும் வரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

பின்பக்கத்தை உயர்த்தும் எண்ணம் இருந்தால் முதலில் கியர்பாக்ஸுக்கு அருகே குனிந்து பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் ஆக்சில் ஒரு குழாய்க்குள் ஓடி, கியர்பாக்ஸ் ஓரத்தில் மட்டும் ஒரு ரப்பர் பூட் இருந்தால் அது ஸ்விங் ஆக்சில். பக்கத்துக்கு இரண்டு ரப்பர் பூட்கள் இருந்தால் ஐஆர்எஸ், அதாவது இன்டிபென்டன்ட் ரியர் சஸ்பென்ஷன். ஸ்விங் ஆக்சில் வண்டியை அதிகம் உயர்த்தினால், வேகமான திருப்பத்தில் பின்சக்கரத்தின் அடிப்பகுதி உள்நோக்கி மடங்கி வண்டி கவிழ இடமுண்டு. உயரத்தை மாற்ற டார்ஷன் பாரை (முறுக்கத்தால் ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பி) நகர்த்த வேண்டும். அதன் உள்முனையில் 40 பற்களும் வெளிமுனையில் 44 பற்களும் இருப்பதால், ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் ஒரு பல் நகர்த்தினால் ஒரு டிகிரிக்கும் குறைவான மாற்றம் கிடைக்கும். பொறுமையாகச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள்.

பதில் 3: எர்த்வயர்

விளக்கு மங்குவது பற்றி மட்டும் சொல்ல வந்தேன், இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இரும்புக் காரில் விளக்கை பாடியில் திருகினாலே எர்த் கிடைத்துவிடும். ஃபைபர்கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே ஒவ்வொரு விளக்குக்கும் ஹாரனுக்கும் தனி எர்த் வயர் இழுத்து அடித்தளத்தில் சுரண்டிச் சுத்தம் செய்த ஓர் இடத்தில் இறுக்க வேண்டும். உங்கள் வண்டியில் ஹாரனும் விளக்கும் ஒரே துருப்பிடித்த திருகைப் பகிர்ந்துகொள்கின்றன என்று ஊகிக்கிறேன். இதைச் சரிசெய்யாமல் எல்இடி பட்டையைச் சேர்த்தால் குறை இன்னும் கூடும்.

மற்றொன்று, குறுக்கப்பட்ட அடித்தளம். புரூஸ் மேயர்ஸ் 1964-இல் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய மேயர்ஸ் மேங்க்ஸ் என்ற வண்டிதான் ஃபைபர்கிளாஸ் பக்கிகளுக்கு வழிகாட்டி. அதன் முதல் சில வண்டிகளுக்குப் பிறகு, பீட்டிலின் அடித்தளத்தில் 14¼ அங்குலம், அதாவது 36 செ.மீ. அளவை வெட்டி எடுத்து மீண்டும் ஒட்டும் முறை வந்தது. பின்னர் பலரும் அதையே பின்பற்றினார்கள். உங்கள் வண்டியில் அந்த வெல்டிங்கை யார், எப்படிச் செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. இருக்கைகளைக் கழற்றி, அடித்தளத்தின் நடுவே நீளமாக ஓடும் சுரங்கம் போன்ற பகுதியின் குறுக்கே உள்ள வெல்டிங் தையலில் முடி போன்ற விரிசலோ துருக்கோடோ தெரிகிறதா என்று பாருங்கள். ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு) ஃபைபர்கிளாஸில் மட்டும் போல்ட் செய்யப்பட்டிருந்தால் அது வெறும் அலங்காரம். அதன் கால்கள் அடித்தள இரும்பில் நிற்க வேண்டும். சீட் பெல்ட்டின் தோள் பட்டைகள் பின்னால் தரைக்கு இறங்காமல், தோள் மட்டத்திலோ சற்றுக் கீழோ உள்ள குறுக்குக் குழாயில் கட்டப்பட வேண்டும். தரையில் கட்டிய பட்டை மோதலின்போது முதுகெலும்பை அழுத்தும்.

புதுச்சக்கரம்

மூவருக்கும் நன்றி. இரண்டு நாள்கள் வண்டிக்கு அடியிலேயே இருந்தேன். இடதுபக்கச் சிலிண்டர்களுக்குக் கீழ்த் தகடே இல்லை. ஆயில் வலையைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்தபோது விரலில் நெறுநெறு என்று மணல் தட்டுப்பட்டது. எர்த் விஷயத்தில் ஊகம் சரியே, ஒரே திருகில் நான்கு வயர்கள். தையலில் விரிசல் தெரியவில்லை, ஆனால் ரோல் கேஜின் பின்கால்கள் ஃபைபர்கிளாஸில்தான் நிற்கின்றன. அதை வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுக்கிறேன். பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், உயர்த்தப் போவதில்லை. கார்புரேட்டர் செட்டை எப்போது மாட்டலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

பெல்ட்டும்புல்லியும்

தகடும் சாண்ட் சீலும் போட்டு, ஆயிலை மாற்றி, ஒரு மணி நேரம் மணலில் ஓட்டியும் சூடு கட்டுக்குள் நின்ற பிறகு மாட்டுங்கள். பெட்டியில் வரும் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) அளவுகள் உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். ஓட்டி நிறுத்தியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: முனை வெளிறி வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, ஜெட்டை ஓர் அளவு கூட்டுங்கள், இளம்பழுப்பாக இருந்தால் சரி. இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கும் கம்பியை எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே சமன் செய்யுங்கள். இந்த எஞ்சின் சூட்டில் அகலத்தில் விரிவடையும், ஆகவே குளிர்ந்த நிலையில் சமன் செய்தது ஓடும்போது மாறிவிடும்.