ஊர் வாய்க்குப் பயப்படாமல் விசுவாசத்தில் நிற்பது: கண்டவையும் செய்து பார்க்கக்கூடியவையும்

வட்டுக்கோட்டை, சபைக் கணக்குப் பார்ப்பவர்

"சனம் என்ன சொல்லும்" என்ற பயம் அறுவடை விழா ஏலத்தில் ஒரு பூசணிக்காயாக வந்து நிற்கும். ஐந்நூறு ரூபாக் காய் ஐயாயிரத்துக்கு ஏறுகிறது. விலை கேட்கிறவரின் கண் காயிலும் இல்லை, ஏலம் கூறுபவரிலும் இல்லை. லண்டனிலிருந்து வந்து முன்வாங்கில் இருக்கும் சொந்தக்காரரில் இருக்கிறது.

காசு சபைக்குத்தானே வருகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் மத்தேயு 6 இல், மனுஷரால் புகழப்படுவதற்காகக் கொடுக்கிறவர்களைப் பற்றி "தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள அந்தச் சொல், அக்காலத்துப் பற்றுச்சீட்டுகளில் "முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதப் பயன்பட்டது. 2, 5, 16 ஆம் வசனங்களில், தருமம், ஜெபம், உபவாசம் மூன்றுக்கும் அதே சொல். தண்டனை என்று அங்கே ஒன்றும் சொல்லப்படவில்லை. கேட்ட கூலி கிடைத்துவிட்டது, பிதாவிடம் வாங்க இனி மிச்சமில்லை. இதைவிடப் பயமான வசனம் எனக்குத் தெரியாது.

நன்கொடை கொடுக்க முன்பே பொருளாளருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்: பற்றுச்சீட்டு வேண்டும், பெயரை வாசிக்கவோ மலரில் போடவோ வேண்டாம். பட்டியல் அச்சுக்குப் போனபிறகு சொன்னால், "பேர் வேண்டாம் எண்டிட்டாராம்" என்பதே அடுத்த கிழமைக் கதையாகிவிடும். பெயரில்லாத உறையைத் தட்டில் போடுவதென்றால் எதற்கு என்று வெளியே எழுதுங்கள். எழுதாவிட்டால் கூரை வேலைக்குக் கொடுத்தது பொதுக் காணிக்கையோடு சேர்ந்துவிடும். பிறகு பிரிக்க வழியில்லை.

குருநகர், மறைக்கல்வி ஆசிரியை

"இனி யாருடைய பாராட்டும் எனக்கு வேண்டாம்" என்று தவக்காலத் தொடக்கத்தில் முடிவெடுப்பவர்கள் அநேகர். இரண்டாம் கிழமையே அது கரைந்துவிடும். காரணம், இலக்கு மிகப் பெரியது. இயேசு சபையைத் தொடங்கிய புனித லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலில் (திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548 இல் அங்கீகரித்தது) இதற்கென்றே ஒரு முறை உண்டு. ஒரே ஒரு குறையை எடுத்து, அதை மட்டும் பின்தொடர்வது.

காலையில் எழும்பியவுடன் அந்தக் குறையை நினைத்துக் காவல் வைக்கவேண்டும். குறை தெளிவாக, சின்னதாக இருக்கட்டும். "பெருமை" என்று எழுதினால் எண்ண முடியாது. "செய்த உதவியைக் கேட்காதவரிடமும் சொல்லிவிடுவது" என்று எழுதினால் எண்ணலாம். கொப்பியில் நாளொன்றுக்கு இரண்டு கோடுகள். மேல்கோடு மதியச் சாப்பாடு வரைக்கும், கீழ்க்கோடு இராச் சாப்பாடு வரைக்கும். விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. இரவில் மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் ஒப்பிடுங்கள். மறுநாள் முந்திய நாளோடு, கிழமை முடிவில் முந்திய கிழமையோடு.

விழுந்த அந்தக் கணத்திலேயே கையை நெஞ்சில் வைக்கும்படியும் இஞ்ஞாசியார் சொல்கிறார். பலர் நடுவில் இருந்தாலும், என்ன செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாமலே செய்யலாம் என்கிறார். மனிதர் பார்வையை விட்டுவிடப் பழகும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எது?

பிழைக்கும் இடம் இரண்டு. புள்ளி குறைந்ததை இன்னொருவருக்குக் காட்டினால், அதற்கே ஒரு புள்ளி வைக்கவேண்டி வரும். மற்றது, புள்ளி கூடிவிட்டதென்று மனம் நொந்து நித்திரையைக் கெடுத்துக்கொள்வது. ஏற்கெனவே குற்ற உணர்வில் கிடந்து தவிப்பவர்கள் கொப்பியை மூடிவைத்துவிட்டு, ஒரு குருவானவரோடு கதைத்த பிறகு தொடங்குவது நல்லது.

மானிப்பாய், வாலிபர் ஐக்கியம்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உபவாசம் இருக்கிறவரை மாட்டிவைப்பது தேத்தண்ணி. போன வீட்டில் கொண்டுவந்து நீட்டுவார்கள். "இண்டைக்கு உபவாசம்" என்று சொன்னால் விளம்பரம்; "வயித்துக்குச் சரியில்லை" என்றால் பொய். "இப்ப வேண்டாம் அன்ரி, தண்ணி கொஞ்சம் தாங்கோ" போதும். கொடுத்தவருக்கும் மனம் நோகாது.

மனுஷரைப் பிரியப்படுத்தினால் கிறிஸ்துவின் ஊழியனல்ல என்று பவுல் எழுதிய கலாத்தியர் 1:10 ஐச் சிலர் பிடித்துக்கொண்டு யாருக்கும் முகம் கொடுக்காமல் திரிகிறார்கள். அதே பவுல்தான் 1 கொரிந்தியர் 10:33 இல், எல்லாருக்கும் எல்லாவற்றிலும் பிரியமாய் நடப்பதாகவும் எழுதினார்; தன்னுடைய பிரயோசனத்தைத் தேடாமல் அவர்களுடைய பிரயோசனத்தைத் தேடி. ஆகவே ஒருவருக்கு "ஓம்" சொல்ல முன் கேட்கவேண்டியது: இதில் நன்மை அவருக்கா, என் பேருக்கா? உடனே விளங்காவிட்டால் "நாளைக்குச் சொல்லுறன்" என்று ஓர் இரவு தள்ளிவையுங்கள். முகத்துக்கு முன் சொன்ன "ஓம்" பலவும் அந்த இரவைத் தாண்டாது.

சுன்னாகம், ஓய்வுபெற்ற போதகர்

தம்பி கலாத்தியரைத் தொட்டபடியால் அடுத்த அதிகாரத்தையும் திறப்போம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, ஒரே பந்தியில் சாப்பிட்டார். எருசலேம் சபையின் யாக்கோபிடமிருந்து, அப்படிச் சேர்ந்து சாப்பிடுவதை ஏற்காத யூதர் சிலர் வந்தார்கள். பயந்து "விலகிப் பிரிந்தான்" என்று இருக்கிறது. புறஜாதியாரான கொர்நேலியு வீட்டுக்கே போய் வந்தவர் அவர். எது சரி என்று தெரியாதவரல்ல. கொள்கை மாறவில்லை, பார்க்கிறவர்கள் மாறினார்கள். பர்னபாவும் கூட இழுபட்டார். ஒருவருடைய பயம் ஒரு பந்தியையே குலைக்கும்.

யாழ்ப்பாணத்தில் இந்த அதிகாரத்தைச் சாதியைத் தொடாமல் வாசிக்க முடியாது. 1924 இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பிறகு வாலிபர் காங்கிரஸ் ஆனது. ஹண்டி பேரின்பநாயகமும் நண்பர்களும் சம ஆசனமும் சம போசனமும் (எல்லாச் சாதியாரும் ஒன்றாக இருப்பதும் ஒன்றாகச் சாப்பிடுவதும்) கேட்டபோது, எதிர்த்தவர்களில் வேதம் வாசிக்கிறவர்களும் இருந்தார்கள். நூறு வருடம் போய்விட்டது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்கெடுத்துவிட்டு, கலியாணப் பேச்சு என்று வந்ததும் "எங்களுக்கு ஒண்டுமில்லை, சொந்தக்காரர்தான் கதைப்பினம்" என்கிற குரலை இன்றைக்கும் கேட்கலாம். பேதுருவின் குரல் அது.

வீட்டில் தொடங்கக்கூடிய இடம் குசினித் தட்டு. கிணறு இறைக்கவோ வேலி அடைக்கவோ வருகிறவருக்கு எந்தக் கோப்பையில் தேத்தண்ணி போகிறதென்று பாருங்கள். ஓரத்தில் தனியாக ஒன்று கவிழ்த்து வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பிறகு கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ பெரியவர்கள் வந்து விறாந்தையில் இருக்கும் நாளில், அந்த மனிதரையும் கூப்பிட்டு, அவர்களுக்குக் கொடுக்கும் அதே தட்டத்தில், அதே மாதிரிக் கோப்பையில் கொடுங்கள்.