ஸ்ட்ரெட்ச் செய்ததும் படத்தின் நடுவில் வெள்ளை வட்டம்: இனி ஏதாவது செய்யலாமா?

வால்மீன்வால்:
வணக்கம். பால்வீதியைப் படம் எடுத்து, சிரில் என்ற விண்படச் செயலியில் ஸ்டாக் செய்திருக்கிறேன், அதாவது எல்லாப் படங்களையும் ஒன்றாக அடுக்கியிருக்கிறேன். கிராப் சென்சார் கேமரா, கிட் லென்ஸ், 18 மி.மீ., எஃப்/3.5, ஐஎஸ்ஓ 3200, 15 நொடி வீதம் 60 ரா (கேமரா பதிந்த மூல) ஃபைல்கள். முக்காலி மட்டும்தான், வானத்தோடு கேமராவையும் திருப்பும் டிராக்கர் கிடையாது. டார்க் (லென்ஸை மூடி அதே நொடிக்கு எடுக்கும் படம்) எடுத்தேன், ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தை எடுக்கும் படம்) எடுக்கவில்லை.

ஸ்டாக் ஆன படம் கன்னங்கரேலென்று இருந்தது. லீனியர் படம் (வெளிச்ச அளவு இன்னும் மாற்றப்படாத படம்) அப்படித்தான் இருக்கும் என்று படித்திருக்கிறேன், சரி. ஆனால் இருட்டில் இருப்பதைத் தெரிய வைக்க ஸ்ட்ரெட்ச் செய்தால் நடுவில் டார்ச் அடித்த மாதிரி வெளுப்பு, நான்கு மூலையும் இருட்டு, கீழே இடது பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஊர் வெளிச்சம். கர்வ்ஸ் என்ற வெளிச்சம் மாற்றும் கருவியில் மூலைகளைத் தூக்கினால் அங்கே ஒரே நாய்ஸ் (பொரிப்பொரியான புள்ளிகள்), பால்வீதியும் ஊதாவாகிவிடுகிறது. திரும்ப அங்கே போய் எடுக்க இப்போதைக்கு வழியில்லை. இருக்கிற டேட்டாவை வைத்துத் தேற்ற முடியுமா?

முக்காலிக்காரன்:
தேற்றலாம். ஃப்ளாட் எடுக்க அந்த இடத்துக்குப் போக வேண்டியதே இல்லை, வீட்டிலேயே எடுக்கலாம். அதே லென்ஸ், அதே 18 மி.மீ., அதே எஃப்/3.5, ஃபோகஸை முந்தின இரவே ஏதாவது ஒரு விண்மீனில் வைத்துவிடுங்கள். லென்ஸ் வாயில் வெள்ளைத் துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டி, பகலில் சூரியன் இல்லாத பக்கத்து வானத்தைப் பார்த்து 20, 30 படம் தட்டுங்கள். ஷட்டரைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் அபெர்ச்சர் பிரயாரிட்டி போதும். ஹிஸ்டோகிராமின் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தின்) மேடு நடுவில் நின்றால் சரி. ஐஎஸ்ஓ குறைத்தாலும் பரவாயில்லை. ஆனால் லென்ஸை மூடி, இருப்பதிலேயே வேகமான ஷட்டரில் எடுக்கும் பயாஸ் படங்களை ஃப்ளாட்டின் அதே ஐஎஸ்ஓவில் எடுக்க வேண்டும். சென்சார் தூசி இதற்குள் இடம் மாறியிருக்கலாம், அது மட்டும் சரியாகாது. உங்கள் தலைவலி தூசி இல்லையே.

உங்கள் படத்தில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. மூலை இருட்டு என்பது பெருக்கல் கணக்கு. லென்ஸ் அங்கே பாதி வெளிச்சத்தைத்தான் விடுகிறது என்றால் விண்மீன், வானம், ஊர் வெளிச்சம் எல்லாமே பாதியாகும். அதை வகுத்துத்தான் சரிசெய்ய வேண்டும்; ஃப்ளாட் செய்வது அதைத்தான். ஊர் வெளிச்சம் கூட்டல் கணக்கு, வானத்தின் மேல் வந்து உட்கார்ந்தது, அதைக் கழிக்க வேண்டும். கர்வ்ஸ் இரண்டையும் செய்யாது. எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கும், அவ்வளவுதான்.

அதனால் முதலில் ஃப்ளாட்டோடு மறுபடி ஸ்டாக் செய்து ஓரங்களை வெட்டிவிடுங்கள். அப்புறம் பேக்ரவுண்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன்: பின்னணி வெளிச்சத்தைக் கணித்து நீக்கும் கருவி அது; டிகிரி (வளைவின் அளவு) 1 அல்லது 2, கழித்தல் முறை. பின்னணியை அளக்க சிரில் தானாக வைக்கும் சதுரங்களில் பால்வீதி மேல் விழுந்ததை எல்லாம் வலது கிளிக்கில் நீக்குங்கள். விட்டால் பால்வீதியையும் ஊர் வெளிச்சம் என்று நினைத்துத் தின்றுவிடும். பிறகு கலர் கேலிபிரேஷன் (நிறத்தைச் சரிசெய்வது). ஸ்ட்ரெட்ச் இதெல்லாம் முடிந்த பிறகுதான். அதற்கு முன் கர்வ்ஸ் பக்கமே போகாதீர்கள்.

அமாவாசை ரசிகன்:
இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? டார்க்டேபிள் என்ற ரா எடிட்டரில் லென்ஸ் கரெக்‌ஷனில் விக்னெட்டிங்கை (மூலை இருட்டை) மட்டும் ஆன் செய்து, 16 பிட் டிஃப் ஃபைலாக எடுத்து, சீக்வேட்டர் என்ற ஸ்டாக் செய்யும் செயலியில் போடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். கீழே மரம், பாறை இருந்தால் தரையை அசையாமல் நிறுத்தும் வசதியும் அதில் உண்டு. சிரிலில் நிலம் கலங்கிப் போகும்.

முக்காலிக்காரன்:
தரை இருக்கும் படத்துக்கு சீக்வேட்டர்தான் வசதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவர் டார்க் எடுத்திருக்கிறார். டார்க்கை ரா நிலையில் கழிக்க வேண்டும். டிஃப் ஆக்கி லென்ஸ் கரெக்‌ஷனும் போட்ட பிறகு அது பொருந்தாது. டார்க்டேபிள் பயன்படுத்தும் லென்ஸ் ப்ரொஃபைல் பொதுவான ஒரு லென்ஸின் கணக்கு, ஃப்ளாட் கையில் இருக்கும் லென்ஸின் கணக்கு.

வால்மீன்வால்:
அண்ணா, ஃப்ளாட் எடுத்துப் போட்டேன், வட்டம் போயே போச்சு! ஆரஞ்சும் முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் மூலைகளில் இன்னும் பொரிப்பொரியாக இருக்கிறது. பால்வீதியும் வெளிறித் தெரிகிறது, சிவப்பு நெபுலா (வாயு மேகம்) எதுவும் காணோம்.

முக்காலிக்காரன்:
ஃப்ளாட் வெளிச்சத்தைச் சமப்படுத்தும். வராத ஃபோட்டானைக் கொண்டுவராது. மூலைகளைக் கொஞ்சம் வெட்டுங்கள், அடுத்த முறை எஃப்/4. நாய்ஸ் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும்: 60 படத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகும். இன்னும் பாதியாக்க 240 வேண்டும்.

சிவப்புக்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் ஒளியில் பெரும்பகுதியைச் சாதாரண கேமராவின் சென்சார் முன்னால் இருக்கும் ஃபில்டரே தடுத்துவிடும். சாச்சுரேஷனைத் தள்ளினால் வருவது நெபுலா இல்லை, வண்ண நாய்ஸ்.

வெளிறலுக்கு ஸ்டார்நெட் என்ற செயலியைப் போட்டு விண்மீன்களைத் தனியாகப் பிரியுங்கள். மீதிப் படத்தை இரண்டு மூன்று தவணையாக, மெதுவாக ஸ்ட்ரெட்ச் செய்து, பிறகு விண்மீன்களைத் திரும்பச் சேருங்கள். ஒரே இழுப்பில் செய்தால் அவை எல்லாம் வெள்ளைப் பொட்டாக ஊதிவிடும்.