குட்டி யானை ஓட்டிட்டு வெளியில இருந்தவனுக்கும் கொலைக் கேஸா?

கேள்வி – பவானிக்காரி

வணக்கங்க. என் தம்பிக்கு 22 வயசு. சொந்தமா குட்டி யானை வண்டி வெச்சு வாழைத்தார், சிமெண்ட்டுன்னு வாடகைக்கு ஓட்டிட்டு இருந்தான். போன மாசம் ஒரு நாள் ராத்திரி தெரிஞ்ச பசங்க 3 பேர் கூப்பிட்டாங்கன்னு போனான். அவங்க ஒரு தோட்டத்து வீட்டுக்குள்ள போயிருக்காங்க. இவன் ரோட்டோரம் வண்டியிலேயே உக்காந்திருந்திருக்கான். உள்ள இருந்த பெரியவரைக் கம்பியால அடிச்சுட்டாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உசுரு போயிருச்சு. அந்த வீட்டம்மா கையில கட்டோட பொழச்சுக்கிட்டாங்க. நகையை எடுத்துட்டு இவன் வண்டியிலதான் தப்பிச்சிருக்காங்க.

எஃப்.ஐ.ஆர்.ல மொத்தம் 5 பேர். அஞ்சாவது ஆள் முன்னாடி அந்தத் தோட்டத்துல தேங்காய் போட்டவன், வீட்டுல யாரு இருப்பாங்க, நகை எங்கன்னு சொன்னவன். அன்னிக்கு ராத்திரி அவன் சொந்த ஊருல இருந்தானாம். என் தம்பி ஏ4, அதாவது நாலாவதா குற்றம் சாட்டப்பட்டவன். புதுக் குற்றச் சட்டமான பி.என்.எஸ்.ல 310(3), 331(8), 61(2)ன்னு போட்டிருக்காங்க. அவன் யாரையும் தொடவே இல்லீங்க. வாடகைன்னு 15,000 குடுத்தாங்கன்னு சொல்றான். இவனுக்கும் தூக்கு, ஆயுள்னு சொல்றாங்களே, நிசமா?

மறுமொழி – ஸ்டியரிங்

பயப்படாதீங்க அக்கா. டிரைவர் வாடகைக்குத்தானே போனான். உள்ளே போகாதவன் மேல கொலை நிக்காது. சாட்சியா மாத்திடுவாங்க, ஆறு மாசத்துல வெளியில வந்துருவான்.

மறுமொழி – கோர்ட் வாசல்

அம்மா, மேலே சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். சேலம் பக்கம் செஷன்ஸ் கோர்ட்டுகளில் ரொம்ப வருஷமாகக் குற்றவாளித் தரப்புக்கு ஆஜராகிறவன் நான். "உள்ளே போகவில்லை" என்ற ஒரே வாதத்தோடு வந்து ஆயுள் வாங்கிப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் நேராகவே சொல்கிறேன்.

310(3) என்பது கொலையோடு சேர்ந்த கூட்டுக்கொள்ளை, பழைய ஐ.பி.சி. 396. கூட்டுக்கொள்ளையில் ஈடுபட்ட ஒருவன் கொலை செய்தால் போதும், அத்தனை பேருக்கும் தூக்கு, ஆயுள், அல்லது 10 ஆண்டுக்குக் குறையாத கடுங்காவல். அடித்தது யார், உங்கள் தம்பிக்குக் கொல்லும் எண்ணம் இருந்ததா என்றெல்லாம் இந்தப் பிரிவு கேட்பதில்லை. பழைய சட்டத்தில் 10 ஆண்டு என்பது உச்சவரம்பு. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றத்துக்கு அதுவே குறைந்தபட்சம்.

ஆனால் கூட்டுக்கொள்ளை என்றால் 5 பேராவது வேண்டும். யாரை எண்ணுவது என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர். கொள்ளையடித்தவர்களையும், அந்த இடத்தில் இருந்து உதவியவர்களையும் சேர்த்து எண்ணச் சொல்கிறது சட்டம். ரோட்டோரம் வண்டியோடு காத்திருந்த உங்கள் தம்பி அந்தக் கணக்கில் வருவான், வண்டிக்குள் இருந்தேன் என்பதால் தப்ப முடியாது. சொந்த ஊரில் இருந்த தேங்காய்க்காரன் வர மாட்டான். அவன் சதிக்காரன், தூண்டியவன். சம்பவ இடத்தில் இல்லை. அப்போது 4 பேர்தான். குற்றப்பத்திரிகை வந்ததும் முதலில் இதைப் பாருங்கள். "அடையாளம் தெரியாத இன்னொருவர் காவலுக்கு நின்றார்" என்று ஒரு வரி இருந்தாலும் எண்ணிக்கை 5 ஆகிவிடும். பிடிபடாதவனையும் எண்ணலாம், ஆள் இருந்தான் என்பதை அவர்கள் நிரூபிக்க வேண்டும்.

4 பேர் என்று நின்றால் விடுதலை என்று நினைக்காதீர்கள். அப்போது கொலைக்கு 103(1)-ஐ 3(5)-உடன் சேர்த்துக் கேட்பார்கள், அதாவது எல்லோருக்கும் பொதுவான எண்ணம். அதை இவன் விஷயத்தில் தனியாக நிரூபிக்க வேண்டும். வித்தியாசம் அங்கேதான். இந்தப் பொது எண்ணத்துக்கு எல்லோரும் காட்டும் வழக்கே ஒரு கொள்ளை வழக்குதான். 1923 ஆகஸ்டில் கல்கத்தா சங்கரிடோலா தபால் ஆபீசில் பணம் எண்ணிக்கொண்டிருந்த சப்-போஸ்ட்மாஸ்டரைச் சுட்டுக் கொன்றார்கள். பணத்தை எடுக்காமலே ஓடிவிட்டார்கள். துரத்திப் பிடித்ததில் பரேந்திர குமார் கோஷ் ஒருவர்தான் சிக்கினார். நான் முற்றத்தில்தான் நின்றேன், பயந்துபோய் நின்றேன் என்பது அவர் வாதம். அன்றைக்குக் கடைசி அப்பீல் மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. சும்மா நின்று காத்திருப்பவனும் அந்த வேலையில் பங்குள்ளவன்தான் என்று சொல்லிவிட்டது. நூறு வருஷமாக இன்றும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

331(8) தனி. ராத்திரியில் வீடு புகும்போது ஒருவன் கொன்றாலோ கொடுங்காயம் செய்தாலோ, கூடச் சேர்ந்து புகுந்தவர் எல்லோருக்கும் ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை. வெளியில் இருந்தவன் "சேர்ந்து புகுந்தவனா" என்று வாதாட இடம் இருக்கிறது.

இனி நீங்கள் எழுதியதிலேயே என் கண்ணில் குத்தியது அந்த 15,000. அந்தத் தூரத்துக்கு ராத்திரி வாடகை என்ன? 1,500 என்றால், பத்து மடங்கு எதற்கு என்று அரசு வக்கீல் கேட்பார். பணம் போகும் முன்னால் கை மாறியதா, வந்த பிறகா? கம்பி வண்டியில் ஏறியதை அவன் பார்த்தானா? நம்பர் பிளேட் மறைக்கப்பட்டிருந்ததா? முந்தின நாள்களில் எத்தனை போன் கால்? அவனுக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்பதை இவைதான் தீர்மானிக்கும்.

மறுமொழி – சட்டக் கல்லூரி 4ம் வருஷம்

சார், அப்போ துப்புக் குடுத்தவன் தப்பிச்சிடுவானா? அவன்தானே ஆரம்பம்?

மறுமொழி – கோர்ட் வாசல்

மாட்டான். 310(3)-இல் எண்ணிக்கைக்கு வர மாட்டான் என்றேனே தவிர, சதிக்கு 61(2) இருக்கிறது. அதோடு பிரிவு 51-ஐப் படியுங்கள். ஒருவன் ஆயுதம் கொடுத்து இருவரைக் கொள்ளைக்கு அனுப்புகிறான், நடுராத்திரியில் வீட்டுக்காரர் எதிர்க்கிறார், கொன்றுவிடுகிறார்கள். அது எதிர்பார்க்கக்கூடிய விளைவு என்றால் அனுப்பியவனுக்கும் கொலைத் தண்டனை. ஐ.பி.சி. 111-இல் இருந்த அதே உதாரணம் அப்படியே தொடர்கிறது. வயதான இருவர் தனியாக இருப்பார்கள் என்று சொல்லி அனுப்பியவன், அடிதடி வரும் என்று நினைக்கவில்லை என்பதை எந்த நீதிபதியும் லேசில் நம்ப மாட்டார்.

மறுமொழி – நொய்யல் கரை

எங்க சித்தப்பாவை இப்படித்தான் தோட்டத்து வீட்டுல பறிகொடுத்தோம். அக்கா, உங்க வேதனை புரியுது. ஆனா ஓட்டிட்டுப் போக ஆள் இருக்கான்னு தெரிஞ்சுதான் உள்ள போறாங்க. அந்தம்மா இனிமே ராத்திரி எப்படித் தூங்குவாங்க? உங்க தம்பிகிட்ட இதையும் கேளுங்க.

மறுமொழி – பவானிக்காரி

கேட்டேங்க. ஜெயில் மனுவுல பார்க்கும்போது அழுதான். நம்பர் பிளேட்டுல சேறு பூசச் சொன்னாங்களாம், பூசியிருக்கான். பணம் வந்த பொறவுதான் குடுத்தாங்களாம். கம்பி சாக்குல சுத்தி இருந்துச்சாம். சார், ஸ்டேஷன்ல அப்ரூவரா, அதாவது மன்னிப்புக் குடுத்து அரசுத் தரப்புச் சாட்சியா மாத்தறோம், கையெழுத்துப் போடுன்னு சொல்றாங்களாம். போடலாமா?

மறுமொழி – கோர்ட் வாசல்

ஸ்டேஷனில் எதிலும் கையெழுத்து வேண்டாம். போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலம் அவனுக்கு எதிராகச் சாட்சியம் ஆகாது, ஆனால் அவன் சொல்லிப் பொருள் எடுத்தார்கள் என்று மகஜர் (பொருள் கைப்பற்றியதற்கான பதிவு) எழுதினால் அந்தப் பகுதி நிற்கும்.

அப்ரூவர் ஆக்குவது போலீஸ் கையில் இல்லை. புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 343-இன்படி கோர்ட்தான் மன்னிப்பு கொடுக்கும். நிபந்தனை, தெரிந்தது முழுவதையும் மறைக்காமல் சொல்வது. சேறு பூசியது உட்பட. எதையாவது ஒளித்தால் மன்னிப்பு போய்விடும், திரும்பவும் குற்றவாளிக் கூண்டு. ஜாமீனில் இல்லாவிட்டால் விசாரணை முடியும்வரை உள்ளேதான் இருக்க வேண்டும். சேறு பூசியது தெரிந்த பிறகு, எனக்கு ஒன்றுமே தெரியாது என்ற வாதம் நிற்காது. கொள்ளை தெரியும், கொலை தெரியாது என்பதுதான் மிச்சம். அதற்கும் சாக்குக்குள் இருந்த கம்பி குறுக்கே நிற்கிறது. நான் அவன் வக்கீலாக இருந்தால் அப்ரூவர் வழியைத் தள்ளிவிட மாட்டேன். அவன் வாயால் முழுக் கதையும் வந்தால் அந்தம்மாவின் சாட்சியத்துக்கும் பலம்.

முடிவெடுக்கும் முன் வக்கீல் வேண்டும். காசில்லை என்றால் 15100-க்குப் போன் போடுங்கள், அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். சிறையில் இருப்பவனுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ரிமாண்ட் தேதியிலிருந்து 90 நாளை எண்ணிக்கொண்டே இருங்கள்; அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் அன்றைக்கே ஜாமீன் மனு போட வேண்டும், ஒரு நாள் தள்ளிப்போட்டு அதற்குள் அவர்கள் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போச்சு.

எஃப்.ஐ.ஆர். நகல், ரிமாண்ட் உத்தரவு, வண்டி ஆர்.சி. மூன்றையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையிலேயே போங்கள்.