அயர்லாந்து பால் பண்ணை: கன்றுக் கழிச்சல் நிற்கவில்லை, இரவில் தூக்கமும் இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

பிளாக்வாட்டர் ஓரம்:

எல்லோருக்கும் வணக்கம். வடக்கு கார்க்கில் ஒரு பால் பண்ணையில் வேலை பார்க்கிறேன். நூற்றுச் சொச்சம் கறவை மாடுகள், பாதி ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன், மீதி ஜெர்சி கலப்பு. புல் தழைக்கிற நேரத்தில் மாடு நிறையப் பால் கொடுக்க வேண்டும் என்று இந்த நாட்டில் பெரும்பாலான பண்ணைகளில் எல்லா மாடும் பிப்ரவரி, மார்ச்சில் சேர்ந்தாற்போல ஈனும்படிதான் சினைக்கு விடுகிறார்கள், எங்கள் பண்ணையும் அப்படித்தான். எனக்கு இங்கே இதுதான் முதல் ஈத்துக் காலம்.

முதலில் பிறந்த கன்றுகள் எல்லாம் நன்றாக இருந்தன. பிப்ரவரி கடைசியிலிருந்து பிறந்தவை ஒரு வாரம் ஆனதும் தண்ணீராகக் கழிகின்றன. கண் குழி விழுகிறது, ரப்பர் காம்பைச் சப்புவதற்குக்கூட ஆர்வம் இல்லை. மருத்துவர் சாணம் எடுத்துப் பார்த்து கிரிப்டோஸ்போரிடியம் (சுருக்கமாகக் கிரிப்டோ) என்ற குடல் ஒட்டுண்ணி என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி பாலை இரண்டு நாள் நிறுத்தி எலக்ட்ரோலைட் மட்டும் கொடுக்கச் சொல்கிறார். அவர் மனைவி பாலை நிறுத்தவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அப்புறம் இரவு. பாதி மாடு நள்ளிரவுக்கு மேல்தான் ஈனுகிறது, கைப்பேசியில் கேமராவைப் பார்த்துப் பார்த்து எழுந்து போகிறேன். எப்போது கை கொடுக்க வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்பதும் இன்னும் பிடிபடவில்லை. போன வாரம் மூன்றாம் ஈத்து மாடு ஒன்று ஈன்ற மறுநாள் கீழே விழுந்து கழுத்தை ஒரு பக்கம் மடித்துக்கொண்டது, முதலாளி தோலுக்கு அடியில் கால்சியம் பாட்டில் ஏற்றினார், சற்று நேரத்தில் எழுந்துவிட்டது. அது ஏன் வருகிறது என்றும் தெரிந்துகொள்ள ஆசை. முதலாளி நல்ல மனிதர், எல்லாம் தெரிந்தவர், ஆனால் இந்த மாதத்தில் நின்று விளக்க அவருக்கு நேரம் கிடையாது.

---

டிப்பரரி கறவை:

தம்பி, அந்த அம்மா சொல்வதுதான் சரி. பாலை நிறுத்தாதீர்கள். இது பழைய வழக்கம், இன்னும் நிறையப் பேர் விடவில்லை. கழிச்சலில் கன்று சாவது பெரும்பாலும் உடம்பில் தண்ணீரும் உப்பும் போய்விடுவதால்தான். எலக்ட்ரோலைட் அதைத் திருப்பிக் கொடுக்கும், ஆனால் அதில் சத்து மிகக் குறைவு, அதை மட்டும் குடிக்கும் கன்று பட்டினியில் மெலியும். பால் கொடுத்தால் கழிச்சல் கூடும் என்பதும் உண்மை இல்லை. காலையும் மாலையும் வழக்கமான பால், நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டு இரண்டு லிட்டர் எலக்ட்ரோலைட், சாணம் கெட்டியாகும் வரை. படுத்த கன்று எழாமல், வாயில் விரல் வைத்தாலும் சப்பாமல், வாய் உள்ளே சில்லென்று இருந்தால் குழாய் வழியாக ஊற்றிக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள், அதற்கு நரம்பில் டிரிப் வேண்டும், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கிரிப்டோவை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது, அது பாக்டீரியா இல்லை. ஹாலோஃபுஜினோன் என்று ஒரு மருந்து மருத்துவர் எழுதிக் கொடுப்பார், பிறந்த ஓரிரு நாளில் தொடங்கி ஏழு நாள், பால் குடித்த பிறகுதான், கன்றின் எடைக்குச் சரியாக அளந்துதான். அளவு கொஞ்சம் கூடினாலும் நஞ்சு. ஏற்கனவே ஒரு நாளுக்கு மேல் கழிந்து வாடிப்போன கன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

ஆனால் நீங்கள் கேட்காத கேள்விதான் முக்கியம்: முதலில் பிறந்தவை ஏன் நன்றாக இருந்தன? அப்போது கொட்டகை சுத்தமாக இருந்தது, வேலையும் குறைவு. ஒவ்வொரு வாரமும் புதுக் கன்றுகள் அதே வைக்கோலுக்கு வரும்போது கிருமி ஏறிக்கொண்டே போகும். அதோடு, ஒரே நாளில் பல மாடுகள் ஈனும்போது முதலில் தவறுவது சீம்பால்தான். தாயின் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு நோய் எதிர்ப்பு எதுவும் வந்து சேராது, எல்லாம் சீம்பாலில்தான். குடல் அதை உறிஞ்சும் சக்தியும் மணிக்கு மணி குறைந்து ஒரு நாளில் அடைபட்டுவிடும். அதனால்தான் இந்நாட்டு வேளாண் ஆலோசனை அமைப்பான டீகாஸ்க் ஆட்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒன்று, முதல் கறவைச் சீம்பால் மட்டும். இரண்டு, பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள். மூன்று, மூன்று லிட்டர். நள்ளிரவில் ஈன்றதைக் காலைக் கறவை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போச்சு.

சீம்பால் தரத்தைப் பார்க்க பிரிக்ஸ் மானி ஒன்று வாங்கச் சொல்லுங்கள், விலை பெரிதில்லை. 22 சதவீதம் அல்லது அதற்கு மேல் காட்டினால் முதல் தடவைக்குக் கொடுக்கலாம். நல்லது மிஞ்சினால் உறைய வைத்துவிடுங்கள், உருக்கும்போது 50 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் வைக்காதீர்கள், அதில் இருக்கும் எதிர்ப்புச் சத்தே கெட்டுவிடும். கன்றுகளுக்குப் போதுமான அளவு போய்ச் சேருகிறதா என்று தெரிய வேண்டுமானால் ஒரு வாரத்துக்கு உட்பட்ட, நோய் இல்லாத கன்றுகள் சிலவற்றில் மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்ப்பார். ஊகத்தில் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

வைக்கோலில் முழங்கால் போட்டுப் பாருங்கள். ஈரம் ஏறினால் படுக்கை சரியில்லை. கன்று படுத்தால் கால் தெரியாத அளவுக்கு வைக்கோல் இருக்க வேண்டும். எப்போதும் நல்ல கன்றுகளுக்கு முதலில் பால், கழிகிறவற்றுக்குக் கடைசியில், அவற்றுக்குத் தனிக் குழாய், தனி வாளி. கிரிப்டோவைச் சாதாரண கிருமிநாசினி தொடாது, கொதிநீரோ நீராவியோ வைத்துக் கழுவிக் காய விட வேண்டும். மனிதருக்கும் தொற்றும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் ரொட்டியைத் தொடாதீர்கள்.

---

ராஸ்காமன் அக்கா:

எங்களுக்குப் பால் பண்ணை கிடையாது. சக்லர் மாடுகள், அதாவது கறக்காமல் கன்றே குடிக்கும் இறைச்சி இனம், லிமோசினும் ஷரோலேயும். ஆனால் இரவு விழிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான்.

சைலேஜை, அதாவது வெட்டிப் புளிக்க வைத்த புல்லை, இரவில் கொடுங்கள். பகலில் தீவன வழியை அடைத்துவிட்டு, சாயங்காலம் இருட்டிய பிறகு திறந்துவிடுவோம். சினை மாடு இரவெல்லாம் தின்று அசை போட்டுக்கொண்டிருக்கும், ஈனுவது பெரும்பாலும் பகலுக்குத் தள்ளிப்போகும். எல்லா மாடும் கேட்காது, ஆனால் இரவில் ஈனுவது நன்றாகக் குறையும். ஈனும் தேதிக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான் பலன், இந்த வருடம் மீதியுள்ள மாடுகளுக்காவது செய்து பாருங்கள்.

கை கொடுப்பது பற்றி. வால் அடியில் இரு பக்கமும் தசைநார் தளர்ந்து குழி விழுந்தால் ஒரு நாளில் ஈனும் என்று வைத்துக்கொள்ளலாம். பனிக்குடம் தெரிந்த பிறகு பழைய மாடு என்றால் ஒரு மணி நேரம், கிடேரி என்றால் இரண்டு மணி நேரம், அதற்குள் முன்னேற்றம் இல்லை என்றால் கையுறை போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு முன்னங்கால், அவற்றின் மேல் மூக்கு, இதுதான் சரியான நிலை. குளம்பின் அடிப்பகுதி மேலே பார்த்தால் பெரும்பாலும் பின்புறமாக வருகிறது. ஒரு கால் மட்டும் வந்தாலோ, தலை திரும்பியிருந்தாலோ, பழக்கம் வரும் வரை நீங்களாக இழுக்காதீர்கள். கன்றை இழுக்கும் ஜாக் கருவி போட்டால் மாடு முக்கும்போது மட்டும் இழுங்கள், அது ஓயும்போது நீங்களும் ஓயுங்கள். அவசரத்தில் பலமாக இழுத்துத் தாயின் இடுப்பு நரம்பு பாதிக்கப்பட்டுப் பிறகு மாடு எழவே முடியாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து படியுங்கள். ஈன்ற மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவில் நிற்காதீர்கள். நேற்று வரை கையில் தின்ற மாடாக இருந்தாலும் சரி. இந்த நாட்டில் வேலையிடத்து மரணங்களில் வருடா வருடம் பெரும்பங்கு பண்ணையில்தான், அதில் மாடு முட்டி மிதித்து இறந்தவர்களும் உண்டு. கன்றைத் தொடும் முன் நடுவில் ஒரு கேட் இருக்கட்டும், நீங்கள் வெளியே வர வழி இருக்கட்டும்.

தூக்கம் விஷயத்தில் வெட்கப்படாமல் வாய் திறந்து கேளுங்கள். வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம் என்று 1997 சட்டமே இருக்கிறது, பண்ணையில் கணக்கை ஆறு மாதத்துக்குச் சராசரி பார்க்கலாமே தவிர, பண்ணைத் தொழிலாளிக்கும் அதே வரம்புதான். ஒரு இரவு முதலாளி, ஒரு இரவு நீங்கள் என்று முறை வைத்துக்கொள்ளலாம். பால் கறக்க ஃபார்ம் ரிலீஃப் சர்வீசஸ் வழியாக ஆள் எடுக்கலாம். ஈத்துக் காலத்தின் முதல் சில வாரம் ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் கறக்கும் பண்ணைகளும் இருக்கின்றன, பால் கொஞ்சம் குறையும், ஆனால் மனிதர்கள் மூச்சு விட முடியும். தூங்காத ஆள்தான் கேட்டைப் பூட்ட மறக்கிறார், சீம்பாலை நாளைக்கு ஆகட்டும் என்கிறார். 2025 ஜனவரியில் எயோவின் புயல் அடித்து எங்கள் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது ஒரே ஜெனரேட்டரை டிராக்டரில் மாட்டி வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பால் கறந்தார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால் உதவி செய்யாதவர்கள் இங்கே மிகக் குறைவு.

---

கில்கென்னிக்காரன்:

போன வாரம் விழுந்த உங்கள் மாட்டுக்கு வந்தது பால் காய்ச்சல், அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சூடாகாது, காது சில்லிட்டுப் போகும். ஈன்றதும் சீம்பாலுக்கு ஏகப்பட்ட கால்சியம் ஒரே அடியாக ரத்தத்திலிருந்து இறங்குகிறது, எலும்பிலிருந்து எடுத்து நிரப்ப உடம்பு தாமதித்தால் தசை வேலை செய்யாது, மாடு விழும். முதல் ஈத்துக் கிடேரிக்கு அபூர்வம், மூன்றாம் ஈத்துக்கு மேல் அதிகம், ஜெர்சி ரத்தம் இருந்தால் இன்னும் அதிகம்.

தடுப்பது வற்றுக்காலத்தில்தான், அதாவது ஈனுவதற்கு முன் கறக்காமல் விடும் காலத்தில். மாடு கொழுத்துப்போகக் கூடாது, கொழுப்பைப் பார்த்து ஐந்துக்குப் போடும் உடல் மதிப்பெண்ணில் மூன்று, மூன்றே கால் போதும். மக்னீசியம் உள்ள தாதுக் கலவை தினமும் கிடைக்க வேண்டும், ஏனென்றால் மக்னீசியம் இல்லாமல் எலும்பிலிருந்து கால்சியம் வெளியே வராது. ஸ்லரி, அதாவது சாணமும் மூத்திரமும் கலந்த குழம்பு, நிறையக் கொட்டிய வயலில் வெட்டிய சைலேஜில் பொட்டாசியம் கூடுதலாக இருக்கும், அதை ஈனப்போகும் மாட்டுக்குக் கொடுக்காமல் வேறு மாடுகளுக்கு ஒதுக்குங்கள். விழுந்த மாட்டைப் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்க விடாதீர்கள், நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி வைக்கோல் கட்டால் முட்டுக் கொடுங்கள். பாட்டிலை வெதுவெதுப்பாக்கி ஏற்றுங்கள். நரம்பில் ஏற்றுவதை மருத்துவரிடம் விடுங்கள், வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும்.

மார்ச்சில் புல்லுக்கு விடும்போது மக்னீசியக் குறைவு தனியாக வேறு வரும். இளம்புல்லில் அது குறைவு. மாடு திடீரென்று மிரண்டு நடுங்கி வலிப்பு வந்து விழும், அது நிமிடக் கணக்கு, உடனே மருத்துவர்.

கொட்டகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் நடக்கும், இடைவெளி விட்டுப் போட்ட ஸ்லாட் தரைக்கு அடியில் குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த ஸ்லரி இருக்கிறது. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வயலில் கொட்டத் தடை, அதனால் பிப்ரவரி வந்ததும் எல்லோரும் கலக்கத் தொடங்குவார்கள். கலக்கும்போது வரும் ஹைட்ரஜன் சல்ஃபைட் ஒரே மூச்சில் ஆளைச் சாய்க்கும், அளவு கூடினால் வாசனையும் தெரியாது. மாட்டை முதலில் வெளியேற்றி, எல்லாக் கதவையும் திறந்து, காற்றுள்ள நாளில் மட்டும் கலக்க வேண்டும், தொடங்கிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. மாடு விழுந்தது, ஆள் விழுந்தார் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவர்கள் திரும்பி வரவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

பிளாக்வாட்டர் ஓரம்:

அக்கா, அண்ணன்மார்களே, ரொம்ப நன்றி. மத்தியானம் தேநீர் நேரத்தில் முதலாளியிடம் சீம்பால் பேச்சை எடுத்தேன். மருத்துவர் திங்கள்கிழமை வந்து ரத்தம் எடுக்கிறார். பாலை நிறுத்தும் பேச்சு முடிந்துவிட்டது, அந்த அம்மாவே இப்போது கழிகிற கன்றுகளைப் பார்த்துக்கொள்கிறார். சைலேஜை இரவுக்கு மாற்றுவதற்கும் முதலாளி சரி என்றார்.

கடைசியாக ஒன்று. ஆண் கன்றுகளை எப்போது சந்தைக்கு அனுப்பலாம்? காது வில்லை போடும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

---

டிப்பரரி கறவை:

பிறந்து 20 நாளுக்குள் இரண்டு காதிலும் வில்லை, 27 நாளுக்குள் பதிவு. ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள், பிறந்த ஓரிரு நாளில் போட்டுவிட்டால் தாய் எது என்ற குழப்பமே வராது. வில்லை குத்தும்போது அதிலேயே ஒரு துளி காதுத் தசை தனிக் குப்பியில் விழும், அதை பிவிடி என்ற வைரஸ் நோய்ச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், 2013 முதல் கட்டாயம். தொற்று இல்லை என்று முடிவு வந்து கன்றின் அடையாள ஆவணமான பாஸ்போர்ட் கைக்கு வராமல் கன்றை வெளியே அனுப்ப முடியாது. பத்து நாள் ஆகாத கன்று சந்தைக்குப் போகக் கூடாது, தொப்புள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், கழிகிற கன்றை ஏற்றவே ஏற்றாதீர்கள். வருடாந்திர டிபி (காசநோய்) சோதனையில் உங்கள் மந்தையில் ஒன்று மாட்டினால் 60 நாள் இடைவெளியில் இரண்டு சோதனை சுத்தமாக வரும் வரை சந்தைப் பேச்சே இல்லை, அதனால் சோதனைத் தேதி எப்போது என்று முதலாளியிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பாண்டன் சந்தையோ கான்டர்க் சந்தையோ எங்கே போனாலும் கிளம்பும் அன்று காலையில் வயிறு நிறையப் பால் கொடுத்து, வண்டியில் உலர்ந்த வைக்கோல் போட்டு அனுப்புங்கள்.