புதுப்பிப்பு: துணி சுருங்காமல் துவைப்பது – டிரையரும் கம்பளியும்

"பருத்தியை 30 டிகிரி தண்ணீரில் துவையுங்கள், கம்பளியைக் கையால் அலசுங்கள்" என்று முன்பு எழுதியிருந்தேன். அப்படிச் செய்தும் டி-ஷர்ட் குட்டையாகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் டிரையர்தான் (துணி உலர்த்தும் இயந்திரம்) காரணம்.

நூற்று, பின்னி, சாயமேற்றும்போது பருத்தி நூல் இழுபட்டே இருக்கிறது. ஈரத்தோடும் சூட்டோடும் டிரம்மில் புரளும்போது அந்த இழுப்பு தளர்ந்து துணி உள்வாங்குகிறது. நெய்த சட்டையைவிட டி-ஷர்ட் போன்ற பின்னல் துணியில் இது அதிகம், ஏனென்றால் அதன் கண்ணிகள் (நூல் வளையங்கள்) எளிதில் உருமாறும். குறைந்த சூட்டில் ஓட்டுங்கள். கழுத்துப்பட்டியிலும் தையல் ஓரத்திலும் லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்து, நீளவாக்கில் நீவி இழுத்துக் காயப்போடுங்கள். மொறமொறவென்று காயும்வரை விடவே கூடாது.

கம்பளி சுருங்கும் விதம் வேறு. இழையின் மேல் செதில்கள் உண்டு. ஈரத்தில் சூடும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரும் அலசும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கட்டும். முறுக்கிப் பிழியாமல், துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்துக் காயவிடுங்கள்.

ஏற்கெனவே சுருங்கிவிட்டதா? 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மேசைக்கரண்டி ஹேர் கண்டிஷனர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, மெதுவாக எல்லாப் பக்கமும் இழுத்து, ஓரங்களைக் குண்டூசியால் நிறுத்திக் காயவைத்தால் ஓரளவு மீளும். கண்ணியே தெரியாமல் கெட்டிப்பட்டுப்போன கம்பளி மீளாது.

விஸ்கோஸை (ரேயான் வகைத் துணி) மட்டும் ஈரத்தில் பலமாக இழுக்காதீர்கள், நனைந்தால் அதன் வலு மிகவும் குறைந்துவிடும்.